மால்குடியின் முகப்பு இசைக்கு, கோர்படியிலிருந்து

அன்புள்ள மால்குடி இசைக்கு,

கோர்படியிலிருந்து எழுதுகிறேன். புனே கண்டோன்மெண்டை ஒட்டி, ரயில்வேயும் ராணுவமும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்ட பேட்டை இது. ‘மால்குடி டேஸ்’ தொடரின் முகப்பில் வரும் உன்னை இந்த நாட்டில் எத்தனையோ பேர் தங்கள் சின்ன வயதோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். உன்னைக் கேட்டதும் அவர்களுக்குப் பள்ளிக்கூடப் பையும், கறுப்பு வெள்ளைப் பெட்டியும், செத்துப்போன தாத்தாவும் ஞாபகம் வந்துவிடும். எனக்கு அப்படி எதுவும் வருவதில்லை. நீ எனக்கு நரை விழுந்த பிறகு வாய்த்த சிநேகம். பழைய நாளின் தயவு இல்லாமல், உன்னை உனக்காகவே பிடித்தது. அதனால் என் நன்றியில் கலப்படம் குறைவு என்று ஒரு சின்னக் கர்வம்கூட உண்டு.

இசையே, உனக்கும் எனக்கும் நடுவே அத்தனை வருடம் நின்றது ஆன்டெனா. 1980களின் பிற்பாதியில் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் நீ வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தபோது நான் தூத்துக்குடியில் பாவாடை சட்டைக்காரி. எங்கள் பக்கத்தில் மொட்டைமாடிக் கம்பியைக் கடலைப் பார்க்கத் திருப்பி வைத்தால் கொழும்பு ரூபவாகினி பளிச்சென்று விழும். டெல்லியைப் பார்க்கத் திருப்பினால் மழை பெய்யும், திரைக்குள்ளேயே. அதனால் சிங்களச் செய்தி வாசிப்பவரின் முகம்தான் எங்களுக்குப் பக்கத்து வீட்டு முகம். இந்தியில் ஒரு தொடர் வருகிறதாம், அதை எழுதியவர் நம் ஆளாம் என்று யாரோ சொல்லிக் கேட்டதோடு சரி. பிறகு கல்யாணம், புனே, கோர்படி, குழந்தை என்று காலம் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இசையே, நீ எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு ஆடி மழையில். மகள் தன் கைப்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்கு எதையோ அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆர். கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள் ஓட, மேலே நீ எழும்பினாய். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கட்டைவிரலுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எந்தத் தொடரானாலும் முகப்பு இசை தொடங்கியதும் அதைத் தாண்டிவிடும் பொத்தானைத் தேடிப் போகும். அவளுடைய விரலும் போனது. அப்போது கட்டிலில் படுத்திருந்த என் அத்தை, அதாவது மாமியார், எழுந்து உட்கார்ந்தார். “ஏ பாப்பா, அதத் தள்ளாத. பாடி முடிக்கட்டும்.” அத்தைக்குப் பார்வை மங்கிவிட்டது. தொலைக்காட்சி என்றால் இப்போது காதால் கேட்கிற சமாச்சாரம்தான். அன்று கேட்டதை இன்னொரு முறை போடச் சொன்னார். அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் உன்னைத் தாண்டிப் போவதில்லை. நீ கொடுத்த முதல் கொடை அது: பாட்டி, மருமகள், பேத்தி மூன்று பேரும் ஒரே பக்கம் திரும்பி உட்காருகிற ஒரு சாயங்காலம். எத்தனையோ சீரியல்களால் முடியாத காரியம்.

அன்பான இசையே, உன்னிடம் சொற்கள் கிடையாது. குரல் இருக்கிறது, சொல் இல்லை. இதன் அருமை கோர்படி மாதிரி இடத்தில்தான் முழுசாகத் தெரியும். எங்கள் கட்டடத்தில் மராத்தி, தமிழ், இந்தி, கொங்கணி என்று படிக்கட்டுக்கு ஒரு பேச்சு. ஆஜி என்று நாங்கள் கூப்பிடும் மேல்வீட்டுப் பாட்டி சாத்தாரா பக்கத்துக்காரர். ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு வந்தவர் வாசலிலேயே நின்று உன்னைக் கேட்டார். இது எங்கள் ஊரில் விடியற்காலையில் திருகை சுற்றிக்கொண்டே பெண்கள் பாடுவது மாதிரி இருக்கிறதே என்றார். திருகைப் பாட்டுக்கு அங்கே ஓவி என்று பெயர். அத்தை விடுவாரா? “அதெல்லாம் இல்ல ஆஜி, இது எங்க பக்கம் நாத்து நடுறப்போ தன்னானேன்னு எடுப்பாங்களே, அந்த மாதிரி” என்று அவருடைய தமிழ் மராத்தியில் வாதாடினார். இரண்டு பேரும் மாறி மாறிப் பாடிக் காட்டினார்கள். தீர்ப்புச் சொல்ல யாருக்கும் அவசரமில்லை. இந்தப் புனேயிலிருந்தபடி ஹேமா ராய்ர்கரும் கி புவாத்வாவும் மகாராஷ்டிர கிராமங்களில் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஓவிகளைத் திரட்டி வைத்தார்கள் என்பதையே அந்தச் சண்டைக்குப் பிறகு தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். உன்னால் தெரிந்துகொண்டவற்றில் அதுவும் ஒன்று. வரவு வைத்துக்கொள்.

இசையே, உன்னைச் செய்தவரைப் பற்றிப் பேசாமல் உனக்கு எப்படி நன்றி சொல்வது? எல். வைத்தியநாதன். தந்தை வி. லக்ஷ்மிநாராயணன் வயலின் வித்துவான். தம்பிகள் எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் உலகம் சுற்றிய வயலின்காரர்கள். மூன்று பேரும் ஒரே மேடையில் வாசித்த காலமும் இருந்தது. தம்பிகளுக்கு உலக மேடைகள் கிடைத்தன, அண்ணன் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து திரைப்பட இசைக்குள் போனார். தந்தை யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். குடும்பமும் அங்கேதான் இருந்தது. 1958 இனக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னை திரும்பினார்கள். அப்போது வைத்தியநாதனுக்குப் பதினாறு வயது. இதைப் படித்த இரவு உன்னை மறுபடி போட்டுக் கேட்டேன். வளர்ந்த ஊரைப் பதினாறு வயதில் பறிகொடுத்த ஒருவரிடம், இல்லாத ஓர் ஊருக்கு இசை செய்து கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஒப்பாரி செய்யவில்லை. துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் ஒரு பையனின் நடையைச் செய்து கொடுத்திருக்கிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று அவரிடம் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பாரோ என்னவோ. நான் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கடல் தாண்டிய கொழும்பை ஜன்னலுக்குள் வைத்து வளர்ந்தவளுக்கு அந்த உரிமை கொஞ்சம் உண்டு.

என் இசையே, உன் வழியாகத்தான் அவருடைய மற்றப் பிள்ளைகளையும் அடையாளம் கண்டேன். சின்ன வயதில் தியேட்டரில் வாய்பிளந்து பார்த்த ‘பேசும் படம்’ அவருடைய இசை. சிங்கீதம் சீனிவாசராவ் 1987-ல் எடுத்த படம். கமல்ஹாசனும் அமலாவும் ஒரு வார்த்தை பேசாமல் நடித்தார்கள். வசனமே இல்லாத படத்தில் இசையமைப்பாளர் ஒளிந்துகொள்ள இடம் ஏது? மௌனத்தைக் கெடுக்கவும் கூடாது, கைவிடவும் கூடாது. உன்னைச் சொல்லில்லாமல் நிறுத்தத் தெரிந்த கைதான் அதையும் செய்தது என்று தெரிந்ததும் எனக்கு ஆச்சரியம் குறைந்து மரியாதை கூடியது. பாரதி நூற்றாண்டான 1982-ல் வந்த ‘ஏழாவது மனிதன்’ பாட்டுகளும் அவருடையவையே. அதிலே அவருக்குக் கிடைத்தவை பாரதியின் சொற்கள், அதுவும் ஒன்று மாற்றி ஒன்று நெருப்பாக. அங்கே அவர் பின்னால் தள்ளி நின்று சொற்களை முன்னே விட்டார். அந்தப் படத்தை எடுத்த கே. ஹரிஹரன் எங்கள் புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். பேஷ்வாக்கள் காலத்துப் புனேயைச் சொல்லும் விஜய் தெண்டுல்கரின் ‘காசிராம் கோத்வால்’ நாடகத்தை 1976-ல் திரைக்குக் கொண்டுவந்த கூட்டணியில் அவரும் ஒருவர். பார், சென்னையில் தொடங்கிய நூல் சுற்றிக்கொண்டு அந்தக் கல்லூரி இருக்கும் லா காலேஜ் ரோட்டுக்கே வந்துவிட்டது.

இசையே, கதைகளுக்குள் என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனதற்கு நன்றி. ‘தி மிஸ்ஸிங் மெயில்’ என்று ஓர் அத்தியாயம். தபால்காரர் தானப்பா ஒவ்வொரு வீட்டுக் கடிதத்தையும் அந்த வீட்டு ஆள் மாதிரி அக்கறையோடு கொண்டு தருகிறவர். ஒரு வீட்டில் கல்யாணம் கூடி வருகிறது. குறித்த முகூர்த்தத்தை விட்டால் மாப்பிள்ளை கைநழுவிப் போய்விடுவான். அந்த நேரத்தில் பெரியவர் ஒருவர் சாகக் கிடப்பதாகக் கார்டு வருகிறது, பின்னாலேயே சாவுத் தந்தியும் வருகிறது. தானப்பா இரண்டையும் பையிலேயே வைத்துக்கொண்டு, தாலி ஏறிய பிறகு கொண்டுவந்து நீட்டுகிறார். வேலை போகும் குற்றம். அவர் செய்தது சரியா தப்பா என்று எங்கள் வீட்டில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. அத்தை தானப்பா கட்சி. மகள், அதெப்படி ஒருத்தருடைய துக்கத்தை இன்னொருத்தர் ஒத்திப்போடலாம் என்று எதிர்க்கட்சி. எனக்கு ஓட்டு இல்லை என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். இன்னொரு கதையில் சித்தா என்கிற வேலைக்காரப் பையன்மேல் குழந்தையின் சங்கிலியைத் திருடியதாகப் பழி விழுகிறது. கடைசியில் சங்கிலி புளிப் பானைக்குள் கிடக்கிறது. கிடைத்த பிறகும் அந்த வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பையனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள மனமில்லாமல் பேசுவதுதான் கதையின் முள். இந்தக் கதைகளை எழுதிய ஆர். கே. நாராயண் மென்மையானவர் என்று சொல்கிறவர்கள் அந்த இடத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

உன்னுடைய மிகப் பெரிய குணம் அங்கேதான் எனக்குப் பிடிபட்டது, இசையே. வரப்போவது சிரிப்பா கண்ணீரா என்று நீ காட்டிக்கொடுப்பதே இல்லை. பரிசுச் சீட்டில் ரோடு என்ஜினை ஜெயித்துவிட்டு, அதை நிறுத்த இடமில்லாமல் கோயில் யானையை வைத்து இழுக்க விடுகிறவன் கதைக்கு முன்னாலும் அதே நடை. சித்தாவின் கதைக்கு முன்னாலும் அதே நடை. இன்றைய பின்னணி இசை கதவைத் திறக்கும் முன்பே உள்ளே பிணம் இருக்கிறது என்று சொல்லிவிடும். நம்மை அழ வைக்க அதற்கு அத்தனை பதற்றம். நீ எங்களை நம்பினாய். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பார்க்கிறவனை மதிக்கிற இசை எனக்குச் சமீபத்தில் அதிகம் அகப்படவில்லை.

அன்பே என்று கூப்பிட்டுவிட்டுக் குறையும் சொல்லலாம்தானே? உன்னைப் போல அந்தத் தொடரில் எல்லாமே எனக்குச் சம்மதம் என்று சொல்ல முடியாது. நாராயணின் மால்குடி சரயு ஆற்றங்கரை ஊர்; வெயிலும் புழுதியும் உள்ள ஊர். தொடரை இயக்கிய சங்கர் நாக் அதை ஆகும்பேயில் கொண்டுபோய் வைத்தார். மலைநாட்டில், தென்னிந்தியாவிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்றில். பச்சை கண்ணைப் பறிக்கிறது. ஆனால் புத்தகத்தில் நான் பார்த்த கபீர் தெருவில் அத்தனை பாசி இல்லை. கன்னட முகங்கள் சில இடங்களில் இந்தி வசனத்தைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. பெண்களுக்கு அடுப்படியைத் தாண்டி அதிக வேலையும் கிடையாது. ஆனாலும் கதைச் சிறுவன் சுவாமியாக வந்த மாஸ்டர் மஞ்சுநாத்தின் முகத்தை யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அப்பாவுக்குப் பயந்துகொண்டே அப்பாவை அளக்கிற முகம். அப்பாவாக வந்தவர் கிரீஷ் கர்னாட். 1970களில் புனே திரைப்படக் கல்லூரிக்கு இயக்குநராக இருந்தவர். மாணவர்களும் அவரை அந்தக் கண்ணோடுதான் பார்த்திருப்பார்களோ என்று மகள் கேட்டாள். தொடரின் குறைகளைச் சொல்லி முடித்ததும் அடுத்த அத்தியாயம் தொடங்கும், நீ வருவாய், நான் பல்லவியை மாற்றிவிடுவேன்.

ரயிலின் இசையே, இப்படியும் உன்னைக் கூப்பிடலாம். தன்னுடைய ஊர் எப்படிப் பிறந்தது என்று நாராயண் தன் வாழ்க்கைக் கதையில் சொல்லியிருக்கிறார். பாட்டி நாள் பார்த்துக் கொடுக்க, நோட்டு வாங்கி, பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது முதலில் மனதில் தோன்றியது ஒரு சின்ன ரயில் நிலையம். ஊர் பிறகுதான் வந்தது. தொடருக்கு அந்த நிலையமாக நின்றது ஷிவமொக்கா மாவட்டத்து அரசாளு. அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த பழைய நிலையக் கட்டடத்தைப் புதுப்பித்து 2020-ல் மால்குடி அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறது ரயில்வே. கோர்படியிலும் நிலையம் முந்தி, ஊர் பிந்தி என்பதுதான் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் கதை. டீசல் ஷெட்டும் ரயில்வே லைனும் பட்டாளமும் கூப்பிட்டு வந்து இறங்கியவர்கள். அடுத்த தலைமுறை இங்கேயே பிறந்து, மராத்தியில் சண்டை போட்டுத் தமிழில் சமாதானம் ஆகிறது. சோலாப்பூர் பக்கமும் மிரஜ் பக்கமும் தண்டவாளம் பிரிகிற இடம் இது. சென்னைக்குப் போகிற வண்டியும் நாகர்கோவிலுக்குப் போகிற வண்டியும் எங்களைக் கடந்துதான் போகின்றன, பெரும்பாலும் நிற்பதில்லை. அந்த வண்டிகளின் சத்தத்தில் எனக்கு இத்தனை வருடமும் கேட்டது ‘அங்கே’ என்பது மட்டும்தான். உன்னைக் கேட்கத் தொடங்கிய பிறகு, நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பதும் ஒரு மால்குடிதான், இங்கேயும் தபால்காரர், கேட்மேன், கடன் கேட்கும் பக்கத்து வீடு என்று எல்லாக் கதையும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. மூடிய ரயில்வே கேட்டில் நிற்கும்போது மனிதர்களை வேடிக்கை பார்க்கிறேன். முன்பெல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

இசையே, உன்னோடு கூட ஓடும் அந்தக் கோட்டோவியங்களுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவை நீ அறிவாய். நாராயணின் தம்பி லக்ஷ்மண், பம்பாய்ப் பத்திரிகையில் வாழ்நாளெல்லாம் வரைந்துவிட்டு, கடைசிக் காலத்தைப் புனேயில்தான் கழித்தார். 2015 ஜனவரி 26 அன்று இங்கேதான் காலமானார். அவருடைய ‘சாமானிய மனிதன்’ கட்டம்போட்ட கோட்டும் வேட்டியுமாக சிம்பயாசிஸ் வளாகத்தில் வெண்கலமாக நிற்கிறான். பாலேவாடியில் 2022-ல் அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். அதற்குள் மால்குடியைச் சின்ன அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆக, மைசூரில் வாழ்ந்த தமிழ் அண்ணன் தம்பி ஆங்கிலத்தில் எழுதியும் வரைந்தும் உண்டாக்கிய ஊர், கன்னடக்காரர் கையால் இந்தியில் படமாகி, இப்போது மராத்திய நகரத்தில் ஒரு கூரைக்குக் கீழே குடியிருக்கிறது. இந்த நாட்டில் ஓர் ஊர் இப்படித்தான் பிழைக்க முடியும்போல.

இசையே, நீ திறந்துவிட்ட கதவு வழியாக வேறு தொடர்களும் வந்தன. உனக்குப் பொறாமை கிடையாது என்பதால் சொல்கிறேன். லக்ஷ்மணின் மனிதர்களை வைத்து 1988-ல் வந்த ‘வாக்லே கி துனியா’வை நான் வைத்துக் கொண்டாடுகிறேன். இயக்கிய குந்தன் ஷாவும் புனே கல்லூரிப் பையன். ஸ்கூட்டர், ரேஷன், மேலதிகாரி என்று ஒரு குமாஸ்தா குடும்பத்தின் அன்றாடத்தில் இத்தனை நகைச்சுவையா! ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ 53 அத்தியாயம். வசனம் நாடக மேடையில் நிற்கிறது. சில பகுதிகளைப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஆனால் முகப்பில் வன்ராஜ் பாட்டியா ரிக்வேதத்துப் படைப்புப் பாடலைக் கூட்டுக்குரலில் எழுப்பும்போது முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. லண்டனிலும் பாரிசிலும் மேற்கத்திய இசை படித்த மனிதர். பிரம்மாண்டத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அது நிமிர வைக்கிறது, நீ சம்மணம் போட்டு உட்கார வைக்கிறாய். எனக்கு முழங்கால் வலி இருந்தாலும் என் சாய்வு உன் பக்கம். ‘சுரபி’யின் முகப்பு இசை உன் சித்தப்பா சுப்பிரமணியத்தினுடையது என்று அறிந்தபோது குடும்பச் சாயல் தேடிப் பார்த்தேன். மகளுக்குப் பிடித்தது 2020-ல் வந்த ‘ஸ்கேம் 1992’. அச்சிந்த் தக்கரின் முகப்பு இசைதான் கொஞ்ச நாள் அவள் கைப்பேசி மணியாக இருந்தது. பங்குச் சந்தை மாதிரியே துரத்துகிற இசை, திறமையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தை அது அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். மணி மாறியது. எதற்கு மாறியது என்று உனக்கே தெரியும்.

இசையே, உன்னைக் கேட்டு வாங்கிய மனிதருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். சங்கர் நாக் கன்னடத்தில் பெரிய நட்சத்திரம், ஆனால் அவருடைய ஆரம்பம் மராத்தி நாடகமும் மராத்திப் படமும். புனேயில் பிளேக் காலக் கொடுமைகளுக்குப் பழியாக அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டது கணேஷ்கிண்ட் சாலையில். அந்தச் சம்பவத்தைச் சொல்லும் ‘22 ஜூன் 1897’ என்ற மராத்திப் படத்தின் எழுத்தில் அவருக்கும் பங்கு உண்டு. மால்குடிக்காக அவர் 39 அத்தியாயங்கள் எடுத்தார். 1990 செப்டம்பர் 30-ல் தாவணகெரே அருகே கார் விபத்தில் போனபோது முப்பத்தாறுகூட நிரம்பவில்லை. 2006-ல் கவிதா லங்கேஷ் இன்னும் 15 அத்தியாயங்கள் எடுத்தார். வைத்தியநாதன் 2007 மே 19 அன்று சென்னையில் காலமானார். நாராயண் அதற்கு முன்பே, 2001-ல். கர்னாட் 2019-ல். உன்னை வளர்த்தவர்களில் எத்தனை பேர் இல்லை என்று எண்ணிக்கொண்டு போனால் சாயங்காலம் வீணாகிவிடும். நீயோ அடுத்த அத்தியாயத்துக்குத் துள்ளிக்கொண்டு கிளம்பிவிடுகிறாய்.

என் பிரியமான இசையே, இந்தக் கடிதத்தை எங்கோ நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்களிடமும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு முடிக்கிறேன். எல். வைத்தியநாதனோடு சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர்களும் பாடியவர்களும் இதைப் படிக்க நேர்ந்தால், அன்றைக்கு யார் என்ன வாசித்தார்கள், எந்த அறையில், எத்தனை முறை எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஸ்வரத் தாளோ நாடாவோ வீட்டுப் பரணில் கிடந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 முதல் இந்தப் புனேயில்தான் இருக்கிறது. வீட்டில் கண் மங்கிய பெரியவர்கள் இருக்கிறவர்கள், இன்று சாயங்காலம் மால்குடியின் முதல் அத்தியாயத்தைப் போட்டு, முகப்பைத் தாண்டாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
கோர்படியிலிருந்து,
உன்னைத் தாமதமாகக் கேட்டவள்